பதின்பருவத்தாரும் கருத்தடையும்: திட்டம் ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம்

குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக 1952 ஆம் ஆண்டிலேயே ஏற்று, அவ்வகையில் உலகின் முதல் நாடு என்று பெயர் பெற்ற இந்தியாவில், அத்திட்டம் யாரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது என்ற கேள்விக்கு எழுதப்படாத விடை ஒன்று தொடக்கம் முதலே இருந்து வந்திருக்கிறது. மணமாகி, ஓரிரு பிள்ளைகளைப் பெற்று, இனிப் பிள்ளை வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிட்ட பெண்ணே அதன் பயனாளி. 10 முதல் 19 வயது வரையிலானவர்களை வளரிளம் பருவத்தினர் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது; 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அவர்கள் ஏறத்தாழ 25.3 கோடிப் பேர், அதாவது ஐந்தில் ஒருவர். இவ்வளவு பேரும் அரசின் கருத்தடை ஏடுகளுக்குள் நுழைய இரண்டே வாயில்கள் உள்ளன: ஒன்று இளம் மணப்பெண் என்ற வாயில், மற்றொன்று பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தை என்ற வாயில். இவ்விரண்டிலும் அடங்காத பதின்பருவத்தாருக்குப் பொருந்தும் கருத்தடை முறைகள் மருத்துவத்தில் உண்டு, அவற்றுட் பல அரசு மருத்துவமனைகளின் கிடங்கில் இலவசமாகவும் உண்டு. கிடங்கிலிருந்து அவர்களின் கைக்கு வரும் பாதையைத்தான் சட்டமும் மௌனமும் சேர்ந்து அடைத்து வைத்திருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தமிழ்நாட்டில் கருத்தடை பற்றிய பொதுப்பேச்சு அரசுத் திட்டத்துக்கு முந்தையது. 1928 இல் சென்னையில் நவ மால்தூசியக் கழகம் தொடங்கப்பட்டது. மக்கள்தொகை உணவு உற்பத்தியை மிஞ்சிவிடும் என்று அஞ்சிய ஆங்கிலேயப் பொருளியலாளர் மால்தூஸின் கணக்கை ஏற்று, அவர் ஏற்காத செயற்கைக் கருத்தடையைத் தீர்வாகப் பரிந்துரைத்தவர்களின் அமைப்பு அது. அக்காலத்தில் கருத்தடையை ஆதரித்தோர் பெரும்பாலும் தாயின் உடல்நலத்தையும் நாட்டின் வறுமையையும் காரணமாகச் சொல்ல, ‘கர்ப்ப ஆட்சி’ பற்றி எழுதிய பெரியார், பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று தம் வாதத்தைத் தனியே நிறுத்திக்கொண்டார். விடுதலைக்குப் பின் வந்த அரசுத் திட்டம் இவ்விரு வழிகளில் முதலாவதையே பின்பற்றி, தலைகளை எண்ணுவதில் முனைந்தது. அதன் விளைவை 2019–21 இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் காணலாம்: 15 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். தமிழ்நாட்டில் இது 57.8 விழுக்காடு. ஆண்களின் அறுவைச் சிகிச்சையோ நாடளவில் 0.3 விழுக்காட்டைத் தாண்டவில்லை. நிரந்தர முறையையே முதுகெலும்பாகக் கொண்ட ஒரு திட்டத்தில், கருவுறுதலைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட மட்டுமே விரும்பும் 18 வயதுப் பெண்ணுக்கு இடம் குறைவாக இருப்பதில் வியப்பில்லை.

அதே ஆய்வின்படி, 15 முதல் 19 வயதுப் பெண்களில் ஏற்கெனவே தாயானவர்களும் ஆய்வின்போது கருவுற்றிருந்தவர்களும் சேர்ந்து இந்தியாவில் 6.8 விழுக்காடு; திரிபுராவில் 21.9, மேற்கு வங்கத்தில் 16.4 என்று இது மிகுந்து காணப்படுகிறது. தமிழ்நாட்டின் நிலை வேறு வகையில் கவனத்துக்குரியது. 18 வயதுக்கு முன் மணமான பெண்களின் பங்கு 2015–16 ஆய்வில் 16.3 விழுக்காடாக இருந்து 12.8 ஆகக் குறைந்திருக்க, பதின்பருவத் தாய்மை அதே இடைவெளியில் 5.0 விழுக்காட்டிலிருந்து 6.3 ஆக ஏறியிருக்கிறது. இரு எண்களும் வெவ்வேறு வயதுப் பிரிவினரைக் குறிப்பவை என்பதால் ஒன்றை மற்றொன்றின் காரணமாகக் காட்டுவது தவறாகும். ஆனால் திருமண வயதைத் தள்ளிப்போட்டால் பதின்பருவக் கர்ப்பம் தானாகவே குறைந்துவிடும் என்று இதுவரை நிலவிய நம்பிக்கையை இவை கேள்விக்குள்ளாக்குகின்றன. உலகின் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் ஆண்டுதோறும் இவ்வயதுப் பெண்களிடையே ஏற்படும் சுமார் 2.1 கோடிக் கர்ப்பங்களில் ஏறத்தாழப் பாதி, விரும்பாமல் நேர்ந்தவை என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இருபது வயதைக் கடந்த தாய்மாரைக் காட்டிலும் பதின்பருவத் தாய்மாருக்குக் கர்ப்பகால வலிப்பும் பேறுகாலத்துக்குப் பிந்தைய கருப்பைத் தொற்றும் அதிகம் என்பதும், அவர்களின் குழந்தைகள் குறைமாதத்திலோ எடைக்குறைவாகவோ பிறக்கும் வாய்ப்பு மிகுதி என்பதும் நன்கு நிறுவப்பட்டவை.

கருத்தடை முறைகளைப் பற்றிய முதல் உண்மை, பரவலாக நம்பப்படுவதற்கு மாறானது. எந்த உடல்நிலையில் எந்த முறை பொருந்தும் என்பதை உலக சுகாதார நிறுவனம் நான்கு படிகளாக வகைப்படுத்தியுள்ளது: தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பது முதற்படி, நன்மை தீமையினும் மிகுதி என்பது இரண்டாவது, தீமை மிகுதி என்பது மூன்றாவது, கூடவே கூடாது என்பது நான்காவது. இளம் வயது என்ற ஒரே காரணத்தால் எந்தத் தற்காலிக முறையும் மூன்றாவது, நான்காவது படிகளில் வைக்கப்படவில்லை. பிள்ளை பெறாத பெண்ணுக்குக் காப்பர்-டி பொருத்தக்கூடாது, மாத்திரை சாப்பிட்டால் பிற்காலத்தில் கருத்தரிக்காது என்பன போன்ற எச்சரிக்கைகளை மருத்துவப் பணியாளர்களே சொல்வதுண்டு என்றாலும், அவை அறிவியலின் துணையற்றவை.

ஒவ்வொரு முறையின் பலனையும் அளக்க இருவகைக் கணக்குகள் உள்ளன: விதிப்படி ஒருமுறையும் பிழையாமல் பயன்படுத்தினால் ஓராண்டில் நூற்றுக்கு எத்தனை பெண்கள் கருவுறுவர் என்பது ஒன்று; மறதி, அவசரம், தயக்கம் எல்லாம் கலந்த நடைமுறை வாழ்வில் எத்தனை பேர் கருவுறுவர் என்பது மற்றொன்று. அமெரிக்கத் தரவுகளின்படி எந்த முறையையும் பயன்படுத்தாதவர்களில் ஓராண்டுக்குள் நூற்றுக்கு 85 பேர் கருவுறுகின்றனர். ஆணுறையில் விதிப்படி 2 ஆக உள்ள தோல்வி நடைமுறையில் 13 ஆகவும், தினசரி மாத்திரையில் 0.3 என்பது 7 ஆகவும் உயர்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியில் நடைமுறைத் தோல்வி 4. காப்பர்-டியிலும், மேற்கையின் தோலுக்கடியில் பொருத்தப்படும் தீக்குச்சி அளவிலான ஹார்மோன் குச்சியிலும் அது ஒன்றுக்கும் கீழ். பயன்படுத்துபவரின் நினைவாற்றலையும் தனிமையையும் எவ்வளவுக்கு ஒரு முறை நம்பியிருக்கிறதோ அவ்வளவுக்கு அது தவறும் என்பதே இவ்வெண்கள் சொல்லும் செய்தி. மாமியாரின் பார்வையில் மாத்திரை அட்டையை மறைத்து வைக்க வேண்டிய புதுமணப் பெண்ணும், விடுதி அறையைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் கல்லூரி மாணவியும் அந்த அமெரிக்கச் சராசரியைவிடக் கடினமான சூழலில் வாழ்பவர்கள் என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

இந்திய அரசு மருத்துவமனைகளில் இம்முறைகளுட் பல கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1968 இல் அறிமுகமான ‘நிரோத்’ ஆணுறையும், ‘மாலா-என்’ மாத்திரையும், காப்பர்-டியும் நெடுங்காலமாக உள்ளவை. பத்தாண்டு வரை பலன் தரும் காப்பர்-டியை எப்போது வேண்டுமானாலும் அகற்றிவிடலாம், அகற்றியதும் கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடும். 2017 இல் ‘அந்தரா’ என்ற பெயரில் ஊசியும் ‘சாயா’ என்ற பெயரில் ஒரு மாத்திரையும் அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. அந்தரா ஊசி பயன்பாட்டுக் காலத்தில் எலும்பின் அடர்த்தியைச் சற்றுக் குறைப்பதால், எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதை முதற்படியில் வைக்காமல் இரண்டாவது படியில் வைத்துள்ளனர். ஊசியை நிறுத்திய பின் கருத்தரிக்கச் சில மாதங்கள் பிடிக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சாயா தனிக்கவனம் பெற வேண்டியது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் கண்டுபிடிப்பான இம்மாத்திரை 1991 முதல் ‘சஹேலி’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இதில் ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன்பின் வாரத்துக்கு ஒன்று என்று சாப்பிட்டால் போதும். உள்நாட்டு ஆய்வகம் ஒன்றின் இத்தகைய வெற்றியைப் பள்ளி அறிவியல் பாடம் பெருமையோடு சொல்லியிருக்கலாம். பொருள் கருத்தடை என்பதாலோ என்னவோ அது பெரும்பாலோர் அறியாத செய்தியாகவே இருக்கிறது.

இவற்றுள் ஆணுறை ஒன்றே கர்ப்பத்தோடு பால்வினை நோய்களையும், அதாவது உடலுறவின் வழியே தொற்றும் எச்.ஐ.வி., மேகநோய், வெட்டை போன்றவற்றையும் தடுக்கவல்லது. ஆகவே மாத்திரையையோ காப்பர்-டியையோ பயன்படுத்துபவரும் ஆணுறையைச் சேர்த்தே பயன்படுத்த வேண்டும் என்ற இரட்டைப் பாதுகாப்பு முறையை மருத்துவர்கள் இளையோருக்குப் பரிந்துரைக்கின்றனர்.

அவசரக் கருத்தடை மாத்திரையைப் பற்றியே தவறான எண்ணங்கள் மிகுதி. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோன் 1.5 மில்லிகிராம் அடங்கிய ஒற்றை மாத்திரை அது; பாதுகாப்பற்ற உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக உட்கொள்ளப்பட வேண்டும். சினைப்பையிலிருந்து முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதே அதன் வேலை. ஏற்கெனவே உருவாகிவிட்ட கர்ப்பத்தை அது கலைக்காது. கருவைக் கலைக்கும் மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் ஆகியவை வேறு மருந்துகள். மருத்துவரின் சீட்டின்றி அவற்றை விற்பது சட்டப்படி கூடாது. இவ்விரு வகைகளையும் ஒன்றென எண்ணும் குழப்பத்துக்குக் கொடுக்கப்படும் விலை பெரிது. அவசரக் கருத்தடை மாத்திரையை மருத்துவர் சீட்டின்றி வாங்கலாம் என்று 2005 இல் நடுவண் அரசு அனுமதித்தது. ஆயினும் தமிழ்நாட்டில் முறையான தடை எதுவும் இல்லாமலே அது மருந்துக் கடைகளின் அலமாரியிலிருந்து காணாமற் போய், பல ஆண்டுகளாகக் கிடைப்பதற்கு அரிதாகவே இருந்து வருவதை மகளிர் அமைப்புகளும் இதழ்களும் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியுள்ளன. மறுபுறம், இந்தியாவில் 2015 இல் நிகழ்ந்த சுமார் 1.56 கோடிக் கருக்கலைப்புகளில் 73 விழுக்காடு, மருத்துவமனைக்கு வெளியே மாத்திரை வாங்கிச் செய்துகொள்ளப்பட்டவை என்று ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளிவந்த ஆய்வு கணித்தது. கர்ப்பத்தைத் தடுக்கும் மாத்திரை எட்டாமலும், அதைக் கலைக்கும் மாத்திரை மறைவாக எட்டும்படியும் உள்ள ஓர் ஏற்பாட்டை ஒழுக்கத்தின் பெயரால் காப்பாற்றுவது விந்தையானது.

பாலியல் நலம் என்பது கருத்தடையோடு முடிவதில்லை. இந்தியாவில் 2020 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1.23 லட்சம் பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஆளாகினர், 77 ஆயிரம் பேர் இறந்தனர் என்று பன்னாட்டுப் புற்றுநோய் மதிப்பீடு கூறுகிறது. இந்நோய்க்குக் காரணமான பாப்பிலோமா வைரஸ் உடலுறவின் வழியே தொற்றுவது. அதற்கான தடுப்பூசியை 9 முதல் 14 வயதுக்குள், தொற்றுக்கு வாய்ப்பே ஏற்படாத பருவத்தில் போடுவதுதான் மிகுந்த பலன் தரும். இதன் பொருட்டு ஒரு தாய் தன் மகளிடம் என்ன சொல்லி ஊசி போட அழைத்துச் செல்வாள் என்ற கேள்வி, பாலியல் கல்வியின் தேவையைத் தானே முன்வைத்துவிடுகிறது.

அக்கல்வியின் வரலாறு ஏமாற்றம் தருவது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986 இல் சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமனின் குழுவால் கண்டறியப்பட்டது. அந்த அதிர்ச்சியிலிருந்து கற்றுக்கொண்ட தமிழ்நாடு, 2000களின் தொடக்கத்தில் ‘புள்ளிராஜா’ என்ற கற்பனை மனிதரைச் சுவரொட்டிகளில் நிறுத்தி, எய்ட்ஸைப் பற்றித் தேநீர்க் கடைகளிலும் பேசவைத்தது. ஆனால் வளர்ந்த ஆண்களிடம் ஆணுறையைப் பற்றித் தெருவில் பேச முடிந்த சமூகத்தால் வகுப்பறையில் பிள்ளைகளிடம் பேச முடியவில்லை. நடுவண் அரசு 2005 இல் கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட பல மாநிலங்கள் 2007 அளவில், பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்று கூறி நிறுத்திவைத்தன. பாலியல் கல்வி பெற்ற பிள்ளைகள் அதனால் முன்னதாகவே உறவில் ஈடுபடுவதில்லை என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018 இல் திருத்திய பதிப்பாக வெளியிட்ட வழிகாட்டியின் முடிவு. எதிர்ப்பாளர்கள் இதற்கு ஈடான சான்று எதையும் இதுவரை முன்வைக்கவில்லை.

சிக்கலின் முடிச்சு சட்டத்தில் இருக்கிறது. பாலியல் உறவுக்கு இசைவு அளிக்கும் வயது இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1860 இல் 10 ஆகவும், பெரும் விவாதத்துக்குப் பின் 1891 இல் 12 ஆகவும், 1940 இல் 16 ஆகவும் இருந்தது. 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்த, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் அதை 18 ஆக உயர்த்தியது. 17 வயதினர் இருவர் தம் விருப்பத்தால் உறவு கொண்டாலும் சட்டத்தின் கண்ணில் அது குற்றமே. 2017 இல் உச்ச நீதிமன்றம், 18 வயது நிரம்பாத மனைவியோடு கணவன் கொள்ளும் உறவும் வன்புணர்ச்சியே என்று தீர்ப்பளித்தது. போக்சோவின் 19 ஆவது பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்த ஒவ்வொருவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கட்டாயமாக்குகிறது. குற்றம் நடக்கக்கூடும் என்ற ஐயத்தையும் அது விட்டுவைக்கவில்லை. தெரிவிக்கத் தவறினால் 21 ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு.

போக்சோ நடைமுறைக்கு வந்தபின் ஓராண்டு இடைவெளிவிட்டு, 2014 சனவரியில் அதே நடுவண் அரசு ‘ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம்’ என்னும் தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தைத் தொடங்கி, 10 முதல் 19 வயதினருக்கான சிறப்பு மருத்துவ மையங்களில் ஆலோசனையோடு ஆணுறை, மாத்திரை, அவசரக் கருத்தடை ஆகியவையும் கிடைக்க வேண்டும் என்று வகுத்தது. கொடு என்கிறது திட்டம். கேட்க வந்தவரைப் பற்றித் தகவல் சொல் என்கிறது சட்டம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆணுறை கேட்டு வரும் 17 வயது இளைஞனின் கோரிக்கையே, குற்றம் நடக்கக்கூடும் என்ற ஐயத்துக்கு இடம் தருகிறது என்று ஒரு செவிலியர் அஞ்சினால் அவரைக் குறைசொல்ல முடியாது. 18 வயதுக்குட்பட்டவருக்குக் கருத்தடை சாதனம் கொடுக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, கொடுக்கலாம் என்றும் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில் அச்சமே விதியாகிவிட்டது.

கருக்கலைப்பில் இம்முரண் இன்னும் கூர்மையானது. 1971 ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவருக்குப் பாதுகாவலரின் எழுத்துபூர்வ ஒப்புதலைக் கோருகிறது. 2021 திருத்தம் சிறுமியர் உள்ளிட்ட சில பிரிவினருக்குக் கால வரம்பை 24 வாரமாக நீட்டியது. ஆயினும் மருத்துவமனைக்கு வந்தால் காதலனோ கணவனோ சிறைக்குப் போவான் என்ற நிலையில், இச்சலுகையைப் பயன்படுத்த வருவோர் குறைவாகவும், போலி மருத்துவரிடம் போவோர் மிகுதியாகவும் இருப்பது இயல்பே. இதை உணர்ந்த உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று வழங்கிய தீர்ப்பில், மணமாகாத பெண்களுக்கும் 24 வார வரம்பு பொருந்தும் என்றதோடு, சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் காவல் துறைக்கு அனுப்பும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் தெரிவிக்க வேண்டியதில்லை என்றும் விளக்கியது. இது நல்ல தொடக்கம். எனினும் கர்ப்பம் நேர்ந்த பின்பே இவ்விளக்கம் பயன்படும், அதைத் தடுக்க விரும்பி வருபவருக்கு இதில் ஒன்றும் இல்லை.

நீதிமன்றங்களுக்கு வரும் வழக்குகளின் தன்மையை ஓர் ஆய்வு தெளிவாக்குகிறது. அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மூன்று மாநிலங்களில் 2016 முதல் 2020 வரை வழங்கப்பட்ட 7,064 போக்சோ தீர்ப்புகளை ஆராய்ந்த என்ஃபோல்டு அறக்கட்டளை, அவற்றுள் 1,715, அதாவது 24.3 விழுக்காடு, காதல் உறவு சார்ந்தவை என்று கண்டது, அவற்றில் 93.8 விழுக்காட்டில் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். 2021 சனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவத்துக் காதல் உறவுகளைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமாக இருக்க முடியாது என்று கூறி ஒரு வழக்கை நீக்கினார். 2022 டிசம்பரில் தமிழ்நாடு காவல் துறைத் தலைவர், இத்தகைய வழக்குகளில் அவசரக் கைது வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். 2023 இல் தன் 283 ஆவது அறிக்கையை அளித்த சட்ட ஆணையம் இசைவு வயதைக் குறைக்க மறுத்து, 16 முதல் 18 வயதினரின் வழக்குகளில் நீதிபதிக்குத் தண்டனையில் தளர்வு அளிக்கும் அதிகாரம் போதும் என்றது.

ஆணையத்தின் மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. போக்சோ வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர். வீட்டுக்குள் புதைந்து கிடந்த கொடுமைகள் வெளிவந்ததில் கட்டாயத் தகவல் விதிக்குப் பங்கு உண்டு. காதல் என்ற போர்வையில் சிறுமியரைக் கடத்துவோரும் இருக்கின்றனர். ஆனால் இசைவு வயதைக் குறைப்பதும் மருத்துவ ஆலோசனையைக் குற்ற விசாரணையிலிருந்து பிரிப்பதும் ஒன்றல்ல; முதலாவதைச் செய்யாமலே இரண்டாவதைச் செய்ய முடியும் என்பதற்கு இங்கிலாந்து சான்று. அங்கு இசைவு வயது 16. அதற்குக் குறைந்த வயதுப் பெண், தான் பெறும் ஆலோசனையைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி உடையவளாக இருந்தால், பெற்றோரின் ஒப்புதலின்றியும் மருத்துவர் அவளுக்குக் கருத்தடை வழங்கலாம் என்று 1985 இல் கில்லிக் வழக்கில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. வற்புறுத்தலுக்கான அறிகுறி தென்பட்டால் தலையிடும் கடமை மருத்துவருக்கு அப்படியே இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18 வயதுக்குட்பட்டோர் கருவுறும் வீதம் 1998 இல் ஆயிரத்துக்கு 47 ஆக இருந்து, 2018 இல் 17க்கும் கீழே இறங்கியது. பாலியல் கல்வியும் இளையோருக்கான மருத்துவ மையங்களும் சேர்ந்து இருபது ஆண்டுகள் இயங்கிய காலம் அது.

இங்கிலாந்தின் 2003 ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டம், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களைக் கடுமையாகத் தண்டிக்கும் அதே வேளையில், தன் 73 ஆவது பிரிவில் ஒரு விலக்கு வைத்திருக்கிறது: குழந்தையைக் கர்ப்பத்திலிருந்தோ பால்வினை நோயிலிருந்தோ காப்பதற்காகச் செயல்படுபவர் குற்றத்துக்கு உடந்தையாகமாட்டார். போக்சோ சட்டத்தின் 19, 21 ஆவது பிரிவுகளுக்கு இத்தகைய விலக்கு ஒன்றை நாடாளுமன்றம் சேர்க்க வேண்டும். அதுவரை காத்திராமல், வற்புறுத்தலின் அறிகுறிகளை எப்படி அறிவது, அறிகுறி இல்லாதபோது எந்தச் சேவையைத் தயங்காமல் வழங்கலாம் என்பதைத் தமிழ்நாட்டின் மக்கள் நல்வாழ்வுத் துறையும் காவல் துறையும் கூட்டாக எழுதி, ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் அனுப்ப வேண்டும்.